கதிரியக்க உலோகச் சேர்மத்தை ஸ்கேன் மருந்தாக எப்படி உருவாக்குகிறார்கள்?

முதுநிலை வேதியியல் படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "அணைவுச் சேர்மங்கள் பாடத்தில், டெக்னீசியம் சேர்மம் இதய ஸ்கேனுக்குப் பயன்படுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கதிரியக்க உலோகத்தை வைத்து இப்படி ஒரு மருந்தை எப்படி உருவாக்குகிறார்கள்? நான் புதிதாக ஒரு ஈனி தயாரித்தால் அதை இந்த வழியில் கொண்டுபோக முடியுமா?"

முடியும். ஆனால் உலோகத்தையும், அதைச் சூழ்ந்து பிடிக்கும் மூலக்கூறான ஈனியையும் பிணைப்பது இந்த வேலையில் சிறிய பங்குதான். ஊசி வழியாக உள்ளே போன சேர்மம் வேண்டிய உறுப்பில் தங்க வேண்டும். பக்கத்து உறுப்புகளிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் சீக்கிரம் வெளியேறவும் வேண்டும். ஸ்கேனில் நாம் பார்ப்பது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. இலக்கைத் தேடிப் போகும் மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் நிறையவே செய்துவிட்டார்கள். வேண்டாத இடத்தைக் காலி செய்யும் மூலக்கூறுகள்தான் அரிது. ஆண்டுக்கணக்கில் உழைப்பு போவது அதில்தான். உங்கள் பாடத்தில் ஒரு வரியில் வந்த அந்த இதய மருந்தின் கதையே இதற்குச் சரியான உதாரணம். அதன் பெயர் டெக்னீசியம்-99எம் செஸ்டாமிபி. சந்தைக்குக் கார்டியோலைட் என்ற பெயரில் வந்தது.

முதலில் உலோகம். டெக்னீசியம் 43ஆம் தனிமம். அதற்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது. 1937இல் இத்தாலியின் பலெர்மோவில் கார்லோ பெரியரும் எமிலியோ செக்ரேயும் அதைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் அடிபட்ட ஒரு மாலிப்டினத் தகடு அவர்களுக்கு அனுப்பப்பட்டிருந்தது, அதில் இருந்தது. மறு ஆண்டே செக்ரேயும் கிளென் சீபோர்கும் 99எம் என்ற ஐசோடோப்பை அடையாளம் கண்டார்கள். அப்போது யாரும் அதை மருத்துவத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை.

99எம்-இன் அரை ஆயுள் 6 மணி நேரம். காலையில் தயாரித்து, ஊசி போட்டு, படம் எடுத்து முடிக்க இது போதும். மறுநாள் நோயாளியின் உடம்பில் அதிகம் மிஞ்சாது. வெளிவிடும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். உடம்பைத் தாண்டி வெளியே வரும் அளவுக்கு வலுவானது, கேமராவின் படிகம் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மிதமானது. திசுவைச் சுடும் பீட்டா கதிர் கிட்டத்தட்ட இல்லை. இவ்வளவும் ஒரே ஐசோடோப்பில் அமைந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

6 மணி நேரத்தில் பாதியாகும் பொருளை மருத்துவமனைக்கு எப்படி அனுப்புவது? அனுப்புவதில்லை, அதன் தாயை அனுப்புகிறார்கள். மாலிப்டினம்-99இன் அரை ஆயுள் 66 மணி நேரம். அது அலுமினா நிரப்பிய சிறு குழாயில் மாலிப்டேட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். சிதைந்து உருவாகும் டெக்னீசியம், பெர்டெக்னேட் அயனியாக உப்புக் கரைசலில் கழன்று வந்துவிடும். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் உருவாக்கிய இந்தக் கருவிதான் ஜெனரேட்டர். இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை மாடு என்றும், தினமும் உப்புக் கரைசல் விட்டு எடுப்பதைக் கறப்பது என்றும் சொல்வார்கள். ஒரு வாரம் கறக்கலாம். இந்தியாவில் மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு இணைந்து இயங்கும் பிரிட் நிறுவனம் இந்த ஜெனரேட்டர்களையும், அவற்றோடு சேர்க்கும் மருந்துப் புட்டிகளையும் தருகிறது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் 2009இல் தெரிந்தது. கனடாவின் சாக் ரிவரில் இருந்த என்ஆர்யூ அணுஉலை மே மாதம் நின்றது. மறுபடி ஓட 2010 ஆகஸ்ட் ஆனது. இடையில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டது. உலகுக்கே மாலிப்டினம் தந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில பழைய உலைகள். சேமித்து வைக்க முடியாத பொருள் என்பதால் பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. சேர்மத்தை எவ்வளவு அழகாக வடிவமைத்தாலும், அதன் உலோகம் எங்கிருந்து எந்தக் கிழமை வரும் என்பதும் வடிவமைப்பில் ஒரு பகுதிதான்.

இனி வேதியியல். ஜெனரேட்டரிலிருந்து வரும் பெர்டெக்னேட்டில் டெக்னீசியத்தின் ஆக்சிஜனேற்ற எண் +7. நாலு ஆக்சிஜன் சூழ்ந்த அந்த அயனி எந்த ஈனியையும் அண்ட விடாது. உடம்புக்குள் அது ஏறக்குறைய அயோடைடு போல நடந்துகொள்ளும்: தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பைச் சுவர். ஆரம்ப காலத்தில் தைராய்டு படத்துக்கு அப்படியேதான் பயன்படுத்தினார்கள். வேறு உறுப்புக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அதை ஒடுக்க வேண்டும். ஸ்டானஸ் குளோரைடு என்ற தகர உப்பு அந்த வேலையைச் செய்யும் என்று 1970 வாக்கில் புரூக்ஹேவனில் வில்லியம் எக்கெல்மனும் பவல் ரிச்சர்ட்ஸும் காட்டினார்கள். ஒரு புட்டியில் தகர உப்பும் ஈனியும் உலர்ந்த தூளாக இருக்கும். அதில் பெர்டெக்னேட்டை ஊற்றிக் குலுக்கினால் மருந்து தயார். அமெரிக்காவின் சைரக்யூஸில் கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும் 1971இல் இதே முறையில் பாஸ்பேட் சேர்மம் ஒன்றை எலும்புக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் உலகெங்கும் நடக்கும் எலும்பு ஸ்கேன் அந்த வழியில் வந்ததுதான். அந்த பாஸ்பேட் சேர்மங்களுக்குத் திட்டவட்டமான ஒற்றை அமைப்பை இன்றும் எழுதிவிட முடியாது. பல சேர்மங்களின் கலவை அது. கனிம வேதியியல் படித்தவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஆனால் படம் தெளிவாக வருகிறது.

அளவையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆய்வகத்தில் பழகிய உள்ளுணர்வு இங்கே ஏமாற்றிவிடும். ஒரு நோயாளிக்கு ஒரு கிகாபெக்கரல், அதாவது நொடிக்கு நூறு கோடி சிதைவுகள் நடக்கும் அளவு, போடுகிறோம் என்று வையுங்கள். அரை ஆயுளை வைத்துக் கணக்குப் போட்டால், அதில் உள்ள டெக்னீசியம்-99எம் சுமார் 5 நானோகிராம். மோலில் சொன்னால் சுமார் 50 பிக்கோமோல். அது சிதைந்து உருவாகிக் கூடவே வரும் டெக்னீசியம்-99ஐச் சேர்த்தாலும் சில மடங்குதான் ஏறும். இந்த அளவில் படிகம் வளர்க்க முடியாது, என்எம்ஆர் எடுக்க முடியாது, நிறம்கூடத் தெரியாது. கையில் உண்மையிலேயே என்ன சேர்மம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? டெக்னீசியம்-99 கைகொடுக்கிறது. அதன் அரை ஆயுள் 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். மெல்லிய பீட்டா கதிர் மட்டும் வரும். மில்லிகிராம் கணக்கில் எடுத்து வேலை செய்யலாம். அதில் சேர்மத்தைச் செய்து அமைப்பை உறுதிசெய்து, பிறகு 99எம் சேர்மமும் குரோமட்டோகிராபியில் அதே இடத்தில்தான் வருகிறதா என்று ஒப்பிடுவார்கள்.

இந்தப் பெரிய அளவு வேதியியலை விடாப்பிடியாகச் செய்தவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஆலன் டேவிசன். வேல்ஸில் படித்தவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெஃப்ரி வில்கின்சனிடம் ஆய்வு செய்தவர். அதாவது கரிம உலோக வேதியியலில் ஊறியவர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் அலுன் ஜோன்ஸோடு 1970களிலிருந்து சேர்ந்து வேலை செய்தார். அப்போது பலரும் மருந்து செய்துவிட்டுப் பிறகு அதில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் முதலில் டெக்னீசியத்தின் அடிப்படை வேதியியலைக் கற்றார்கள். என் கணிப்பில் அவர்கள் ஜெயித்த காரணமே அதுதான்.

இதய ஸ்கேனில் அப்போது இருந்தது தாலியம்-201. 1970களின் நடுவில் அதுவும் புரூக்ஹேவனிலிருந்தே வந்தது. தாலியம் அயனியைப் பொட்டாசியம் என்று நினைத்து இதயத் தசை உள்ளே இழுத்துக்கொள்ளும். ரத்தம் ஒருமுறை கடக்கும்போதே சுமார் 85 சதவீதத்தை இதயம் பிடித்துவிடும். அருமையான உறிஞ்சல். ஆனால் அரை ஆயுள் 73 மணி நேரம், ஆகவே குறைவாகத்தான் போட முடியும். வெளிவரும் எக்ஸ் கதிர்களின் ஆற்றல் 70, 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியே இருப்பதால் உடம்புக்குள்ளேயே நிறைய சிதறிப்போகும். குறிப்பாகப் பருமனானவர்களுக்குப் படம் மங்கலாக வரும். அதோடு, சைக்ளோட்ரானில் செய்து அனுப்ப வேண்டும். டெக்னீசியத்திலேயே ஒன்று கிடைத்தால் இத்தனை பிரச்சினையும் தீரும்.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டாய்ச் ஒரு யோசனை சொன்னார். பொட்டாசியம், தாலியம் இரண்டும் ஒற்றை நேர்மின் சுமை கொண்டவை. டெக்னீசியத்தையும் ஒற்றை நேர்மின் சுமையுள்ள சேர்மமாக்கினால் இதயம் அதையும் எடுத்துக்கொள்ளாதா? 1981இல் அவர் குழு, இரண்டு பாஸ்பரஸ் அணுக்களால் உலோகத்தைப் பிடிக்கும் டைபாஸ்பீன் போன்ற ஈனிகள் கொண்ட டெக்னீசியம் சேர்மங்களால் நாயின் இதயத்தைப் படம் எடுத்துக் காட்டியது. பளிச்சென்று வந்தது. மனிதர்களுக்குப் போட்டபோது இதயம் சரியாகத் தெரியவில்லை. கல்லீரல்தான் ஓங்கி நின்றது. காரணம் பின்னால் புரிந்தது: ஆக்சிஜனேற்ற எண் +3இல் இருந்த டெக்னீசியம் உடம்புக்குள் +2ஆக ஒடுங்கியது. ஒரு எலக்ட்ரான் கூடியதும் சேர்மத்தின் நேர்மின் சுமை போய்விட்டது. சுமை போனதும் இதயத்தில் நிற்கவில்லை. நாயை நம்பி மோசம் போனது இந்தத் துறையில் இது ஒருமுறை மட்டும் நடந்ததல்ல.

டேவிசனும் ஜோன்ஸும் எடுத்த ஈனி ஐசோநைட்ரைல். கார்பன் வழியாக உலோகத்தைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நெருங்கிய உறவு. ஆறு ஐசோநைட்ரைல்கள் சூழ்ந்தால் டெக்னீசியம் +1 நிலையில் அமைதியாக உட்காரும். டி ஆர்பிட்டாலில் 6 எலக்ட்ரான், ஈனிகளிலிருந்து 12, மொத்தம் 18; இப்படிப்பட்ட சேர்மங்களை நிலையாக வைக்கும் எண்ணிக்கை அது. எண்முகி வடிவம். மேலும் ஒடுங்கவோ, ஈனியை விட்டுக்கொடுக்கவோ எளிதில் சம்மதிக்காது. டாய்ச்சின் சேர்மம் தடுக்கிய இடத்தில் இது தடுக்காது. இன்னொரு வசதியும் உண்டு: உலோகம் நடுவில் மறைந்துவிடுகிறது, வெளியே தெரிவது ஆறு ஈனிகளின் வால்கள் மட்டும். வாலை மாற்றினால் மூலக்கூறின் வெளிப்பரப்பு முழுவதும் மாறும், உள்ளிருக்கும் உலோகத்தைத் தொடவே வேண்டாம். 1983இல் இந்தக் குடும்பத்தை வெளியிட்டார்கள்.

இங்கிருந்துதான் கதை எனக்குப் பிடித்த கட்டத்துக்கு வருகிறது. முதல் வால் மூவிணைய பியூட்டைல், வெறும் ஹைட்ரோகார்பன். 1984இல் மனிதர்களிடம் சோதித்தார்கள். இதயம் எடுத்துக்கொண்டது, டெக்னீசியத்தால் மனித இதயத்தைப் பார்க்க முடிந்தது. ஆனால் முதலில் நுரையீரல் பிடித்துக்கொண்டது, கல்லீரல் விடவே இல்லை. இதயத்தின் இரு பக்கமும் நுரையீரல், கீழே கல்லீரல். கொழுப்பில் அவ்வளவு எளிதில் கரையும் மூலக்கூறு எல்லாச் சவ்விலும் ஒட்டிக்கொண்டது. எனவே இரண்டாவது வாலில் ஒரு எஸ்டரைச் சேர்த்துக் கொழுப்பு நாட்டத்தைக் குறைத்தார்கள். நுரையீரல் சுத்தமானது. ஆனால் இதயத்திலிருந்தும் சீக்கிரம் கழுவிக்கொண்டு போனது. மூன்றாவதாக வந்தது ஈதர் கொண்ட வால்: 2-மெத்தாக்சி ஐசோபியூட்டைல் ஐசோநைட்ரைல், சுருக்கமாக மிபி. இதயத்தில் தங்கியது, கல்லீரலிலிருந்து பித்தம் வழியாக இறங்கியது. டியூபாண்ட் நிறுவனம் இதை எடுத்துக்கொண்டு வளர்த்தது. 1990 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது.

எண்களைப் பாருங்கள். செஸ்டாமிபி ஊசியில் இதயத் தசைக்குப் போவது ஓய்வில் சுமார் 1.2 சதவீதம், உடற்பயிற்சியின்போது சுமார் 1.5 சதவீதம். மீதி 98 சதவீதத்துக்கு மேல் வேறெங்கோ போகிறது. ரத்தம் ஒருமுறை கடக்கும்போது இதயம் பிடிப்பது சுமார் 65 சதவீதம்; தாலியத்தைவிடக் குறைவு. உறிஞ்சலை மட்டும் வைத்துப் போட்டி நடத்தியிருந்தால் தாலியம்தான் வென்றிருக்கும். ஆனால் செஸ்டாமிபி இதயத்திலிருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகிறது, கல்லீரலிலிருந்து பாதியாகக் குறைய சுமார் 30 நிமிடம்தான். அதனால் ஊசி போட்ட உடனே கேமராவுக்குப் போகாமல் முக்கால் மணி, ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில்தான் படம் உருவாகிறது. இதயத்திலிருந்து அதிகம் நகராததால் இன்னொரு பயனும் கிடைத்தது: நெஞ்சு வலி இருக்கும்போது ஊசியைப் போட்டுவிட்டு, நோயாளியின் நிலை சீரான பிறகு படம் எடுத்தாலும், ஊசி போட்ட நேரத்து ரத்த ஓட்டத்தையே அது காட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. டாய்ச் சொன்னபடி பொட்டாசியத்தின் வாசல் வழியாகச் செஸ்டாமிபி உள்ளே போவதில்லை. கொழுப்பில் கரையும் நேர்மின் அயனி என்பதால் சவ்வைத் தானே கடக்கிறது. உள்ளே எதிர்மின் அழுத்தம் கொண்ட மைட்டோகாண்ட்ரியா அதை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. ஓயாமல் துடிக்கும் இதயத் தசையில் மைட்டோகாண்ட்ரியா நிறைய. டேவிட் பிவ்னிகா-வெர்ம்ஸும் சக ஆய்வாளர்களும் 1990இல் இதை விளக்கினார்கள். அதாவது தவறான காரணத்தை நம்பித் தேடியவர்கள் சரியான மூலக்கூறை அடைந்தார்கள். மைட்டோகாண்ட்ரியா நிறைந்த பாராதைராய்டு கட்டிகளிலும் இது தங்குவதால், அவற்றைத் தேடவும் இன்று இதே புட்டிதான் பயன்படுகிறது.

புட்டி என்றேன். கனிம வேதியியல் மாணவர் ரசிக்க வேண்டிய இடம் அந்தப் புட்டிக்குள் இருக்கிறது. ஐசோநைட்ரைல்கள் எளிதில் ஆவியாகும். நாற்றமோ சகிக்க முடியாது. பக்கத்து ஆய்வகத்தில் யாராவது குடுவையைத் திறந்தால்கூடத் தெரிந்துவிடும். அதை உலர்த்தித் தூளாக்கி மருத்துவமனைக்கு அனுப்ப முடியுமா? தாமிரத்தின் உதவியை நாடினார்கள். நான்கு மிபி ஈனிகள் தாமிரம்(I)ஐச் சூழ்ந்த டெட்ராஃபுளோரோபோரேட் உப்பு நிலையான திடப்பொருள், ஆவியாகாது, நாறாது. புட்டியில் அது 1 மில்லிகிராம்; கூடவே தகர உப்பு, சோடியம் சிட்ரேட், சிஸ்டீன், மானிட்டால். பெர்டெக்னேட்டைச் சேர்த்துக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்தால் தாமிரம் ஈனிகளை விட்டுக்கொடுக்கும், தகரம் டெக்னீசியத்தை +7இலிருந்து கீழே இறக்கும், ஆறு ஈனிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பிக்கோமோல் கணக்கில் இருக்கும் டெக்னீசியத்துக்கு ஒரு லட்சம் மடங்கு ஈனி புட்டிக்குள் இருப்பதால்தான் வினை பத்தே நிமிடத்தில் முடிகிறது. பிரித்தெடுப்பு இல்லை, தூய்மைப்படுத்தல் இல்லை. ஆறவைத்து ஊசியில் ஏற்ற வேண்டியதுதான்.

ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. அலுமினா பூசிய சிறு பட்டையில் ஒரு துளி வைத்து எத்தனாலில் ஓட விடுவார்கள். செஸ்டாமிபி மேலே போகும், வேண்டாதவை கீழே நிற்கும். 90 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தப் புட்டியைத் தூக்கிப் போட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் படமே காட்டிக்கொடுக்கும்: புட்டிக்குள் காற்று புகுந்து தகரம் கெட்டிருந்தால் ஒடுங்காத பெர்டெக்னேட் தைராய்டிலும் இரைப்பையிலும் தெரியும், ஒடுங்கியும் ஈனி கிடைக்காத டெக்னீசியம் நுண்துகளாகிக் கல்லீரலில் தெரியும். ஆனால் அதற்குள் ஒருவர் வீணாகக் கதிர்வீச்சு வாங்கியிருப்பார்.

செஸ்டாமிபிக்குப் போட்டி இதய மருந்தான டெட்ரோபாஸ்மின் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டெக்னீசியம் +5 நிலை, இரண்டு ஆக்சிஜன், இரண்டு டைபாஸ்பீன்கள். டாய்ச் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது போல. அதிலும் பாஸ்பரசின் வால்களில் ஈதர்கள் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள், இரண்டு வெவ்வேறு உலோக மையங்கள், கல்லீரலை விட்டு வெளியேற இரண்டுக்கும் ஈதர். இதைக் கொதிக்கவைக்க வேண்டாம், அறை வெப்பநிலையிலேயே 15 நிமிடத்தில் தயார். காலை நேர நெருக்கடியில் மருத்துவமனைகளுக்கு அது பெரிய சௌகரியம்.

மூளைக்கான எச்எம்பிஏஓ சேர்மம் வேறு தந்திரம் செய்கிறது. மின்சுமையற்ற மூலக்கூறாக ரத்த-மூளைத் தடுப்பைக் கடக்கும், உள்ளே குளூட்டாதையோன் அதை நீர்நாட்டமுள்ளதாக மாற்றிவிடும், அப்புறம் வெளியே வர முடியாது. ஈனியின் இரண்டு முப்பரிமாண மாற்றியங்களில் டி,எல் வடிவம்தான் மூளையில் தங்கும், மீசோ தங்காது. ஆகவே அவற்றைப் பிரித்தாக வேண்டியிருந்தது. அதே வேகமான மாற்றம் புட்டிக்குள்ளும் நடப்பதால், நிலைப்படுத்தி சேர்க்காவிட்டால் தயாரித்த அரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இன்று புதிதாக வருபவர்களின் கவனம் பெரும்பாலும் பெட் ஸ்கேன் உலோகங்கள் மீதே: காலியம்-68, தாமிரம்-64, சிர்கோனியம்-89. இங்கே உத்தி மாறிவிட்டது. செஸ்டாமிபியில் உலோகச் சேர்மம் முழுவதுமே மருந்து. இங்கே ஒரு பெப்டைடோ ஆன்டிபாடியோ இலக்கைத் தேடும். உலோகம், தன்னைப் பல பக்கமும் பிடித்துக்கொள்ளும் கொடுக்கிணைப்புக் கூண்டு ஒன்றுக்குள் அமர்ந்து அதன் வாலில் தொங்கும். அப்படியானால் கூண்டு எதுவானாலும் பரவாயில்லையா என்று கேட்கத் தோன்றும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்எம்ஏ-11 அதற்குப் பதில் சொல்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்கில் 2012இல் வெளியான ஆய்வில், எல்லோரும் பயன்படுத்தும் டோட்டா கூண்டுக்குப் பதிலாக, பென்சீன் போன்ற அரோமேட்டிக் வளையங்கள் கொண்ட எச்பெட்-சிசி என்ற கூண்டை வைத்தார்கள். தேவையற்ற ஒட்டுதல் குறைந்தது, புற்றுச் செல்லுக்குள் நுழைவது கூடியது. மேலும் அது காலியத்தை அறை வெப்பநிலையிலேயே பிடித்துக்கொள்ளும். 68 நிமிட அரை ஆயுள் கொண்ட உலோகத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. 2020 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய இரண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகங்களுக்கு இதற்கான அனுமதி கிடைத்தது. ஒரு மருந்து நிறுவனத்துக்குப் பதிலாகப் பல்கலைக்கழகங்களே வாங்கியது அபூர்வமான விஷயம். ஆனால் அதே கூண்டு சிகிச்சைக்கான லுட்டீசியம்-177க்கு ஏற்றதல்ல. அதற்காக டோட்டா கொண்ட பிஎஸ்எம்ஏ-617 தனியாகச் செய்யப்பட்டது.

கூண்டு கசிந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிர்கோனியம்-89 உதாரணம். ஆன்டிபாடி மெதுவாகத்தான் கட்டியை அடையும், அதற்குச் சில நாட்கள் வேண்டும். சிர்கோனியத்தின் அரை ஆயுள் சுமார் 78 மணி நேரம் என்பது அதற்குப் பொருந்துகிறது. ஆனால் வழக்கமான டெஸ்ஃபெரியாக்சமின் கூண்டு சிர்கோனியத்துக்கு ஆறு பிடிகள்தான் தருகிறது. அது எட்டைக் கேட்கும். எலிகளில் கழன்ற சிர்கோனியம் எலும்பில் சேர்கிறது. எலும்புக்குப் பரவிய புற்றுநோயைத் தேடும்போது எலும்பே ஒளிர்ந்தால் மருத்துவர் எதை நம்புவார்? எட்டுப் பிடி கொண்ட கூண்டுகளைப் பல குழுக்கள் செய்து பார்ப்பது அதனால்தான்.

சரி, உங்கள் ஈனிக்கு வருவோம். கதிரியக்கமே இல்லாமல் சாதாரண ஆய்வகத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. டெக்னீசியத்துக்குக் கீழே அதே தொகுதியில் ரீனியம் இருக்கிறது. எண்முகி வடிவில் ஆறு ஈனிகளோ, மூன்று கார்பனைல்களோ கொண்ட ரீனியம் சேர்மத்தைச் செய்து படிகம் வளர்த்துப் பாருங்கள். ரீனியம் டெக்னீசியத்தைவிட ஒடுங்கக் கடினம், வினையும் மெதுவாக நடக்கும்; அதனால் அமைப்பை அதனிடம் கேளுங்கள், வேகத்தைக் கேட்காதீர்கள். ஆக்டனாலிலும் நீரிலும் எவ்வளவு பங்காகிறது என்று அளந்தால் கொழுப்பு நாட்டம் தெரியும். அதிகப்படியான சிஸ்டீன், ஹிஸ்டிடின் சேர்த்து 37 டிகிரியில் 24 மணி நேரம் வையுங்கள். உடம்பில் உள்ளவை உலோகத்தைப் பிடுங்கிக்கொள்ளுமா என்று தெரிந்துவிடும். டெக்னீசியத்துக்கு 24 மணி நேரம் என்பது நான்கு அரை ஆயுள், அதற்கு மேல் தேவையில்லை.

பெரும்பாலான ஆய்வேட்டு ஈனிகள் விழும் இடம் வேறு. உலர்ந்த அசிட்டோநைட்ரைலில் 12 மணி நேரம் கொதிக்கவைத்தால் அழகாகச் சேர்மமாகும். உப்பு நீரில், மைக்ரோமோலார் செறிவில், அரை மணி நேரத்துக்குள் ஆகாது. அந்த நிபந்தனையை முதல் நாளே சோதித்துவிடுங்கள். காலியம், டோட்டா பக்கம் போகிறீர்கள் என்றால் இன்னொன்று: இரும்பும் துத்தநாகமும் கூண்டில் இடம் பிடித்துக்கொள்ளும். நானோமோல் அளவில் வேலை செய்யும்போது எஃகுக் கரண்டியிலிருந்தும் சாதாரண அமிலத்திலிருந்தும் வரும் இரும்பே காலியத்தைவிட அதிகமாக இருக்கும். பிளாஸ்டிக் கருவிகளும் உலோகம் நீக்கிய அமிலமும் தேவைப்படுவது அதனால்தான்.

இவ்வளவும் தாண்டினால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்ற, விலங்குச் சோதனை வசதியுள்ள ஆய்வகத்தோடு சேர்ந்துதான் மேலே போக முடியும். அங்கே எலிகளில் ஒவ்வொரு உறுப்பையும் எடுத்து எண்ணும்போது, இதயத்தில் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 5, 30, 60 நிமிடங்களில் இதயம்-கல்லீரல், இதயம்-நுரையீரல், இதயம்-ரத்தம் விகிதங்களை எழுதுங்கள். வெள்ளை எலியா சுண்டெலியா என்பதையும் யோசியுங்கள்: வெள்ளை எலிக்குப் பித்தப்பையே கிடையாது. பித்தம் வழியாக வெளியேறும் உங்கள் மருந்து அங்கே நேராகக் குடலுக்கு இறங்கிவிடும். மனிதரில் அது பித்தப்பையில் தேங்கி, இதயத்தின் அடிச்சுவருக்குப் பக்கத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதே நாளில், அதே வகை எலிகளில் செஸ்டாமிபியையும் போட்டு எண்ணி உங்கள் எண்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த ஒப்பீடு இல்லாத அட்டவணையை எந்த மதிப்பீட்டாளரும் திருப்பித்தான் அனுப்புவார்.